அக்காவோட ஸ்கேன் வரட்டும்

தம்பிக்கு ஸ்கேன் எடுக்கும் நாட்களில் அம்மா காலையிலேயே தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொள்வாள். எம்ஆர்ஐ அறைக்குள் துணைக்குப் போகிறவர்கள்கூட உலோகம் எதுவும் அணியக் கூடாது. கழுத்து வெறுமையாகவும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து அவள் கண்டுபிடித்த வழி அது. மெட்டியைக் கழற்றத்தான் சோப்பும் பொறுமையும் வேண்டியிருக்கும். குளியலறைத் தரையில் உட்கார்ந்து அவள் கால்விரலோடு போராடிக்கொண்டிருக்கும்போது, கதவருகே நின்று என் தம்பி, "அம்மா, ஜஸ்ட் கட் இட் ஆஃப்" என்பான். "எதைடா, மெட்டியையா விரலையா?" என்பாள் அம்மா. "எது ஃபாஸ்டோ அது" என்பான். அப்போது அவனுக்கு எட்டு வயது. அவனுக்குப் பயமாக இருக்கும்போதெல்லாம் வாயில் இப்படி ஏதாவது வரும்.

அவனைவிட நான் ஏழு வயது மூத்தவள். நான் வேலூரில் பிறந்து அமெரிக்கா வந்தவள். அவன் ஹூஸ்டனிலேயே பிறந்தவன். பிறக்கும்போதே அவன் இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகலாக இருந்தது. பல் முளைப்பதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்து, ஓட்டையை அடைத்து, குறுகலை விரித்துவிட்டார்கள். கதை அதோடு முடிந்துவிடாது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். விரித்த இடத்தில் வால்வு சரியாக மூடாது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் கசியும். அந்தச் சுமையில் வலது கீழறை வருடக்கணக்கில் மெதுவாகப் பெரிதாகும். ஓர் அளவைத் தாண்டுவதற்குள் புது வால்வு பொருத்த வேண்டும். தாண்டிவிட்டால் இதயத்தின் துடிப்பே தடம் மாறிப் போகலாம். அந்த அளவைச் சரியாகச் சொல்வது எம்ஆர்ஐ ஸ்கேன்தான். சாதாரண எக்கோவில் வலது அறை முழுதாகப் பிடிபடாது. ஆகவே தம்பியின் வாழ்க்கையில் பிறந்தநாளைப் போல, பள்ளி திறக்கும் நாளைப் போல, ஸ்கேன் நாளும் வந்துகொண்டே இருந்தது.

சின்னக் குழந்தையாக இருந்தவரை அவனைத் தூங்கவைத்து எடுத்தார்கள். எட்டு வயதில்தான் முதல்முறையாக விழித்திருந்து எடுத்தது. அம்மா உள்ளே போய் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மெஷினை இயக்கும் பெண்மணியின் நாற்காலிக்குப் பின்னால் நான் நின்றேன். இதயத்தை ரொட்டித் துண்டுகள் போல மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாகப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒருமுறை மூச்சைப் பிடிக்க வேண்டும். மூச்சை இழு, விடு, அப்படியே நிறுத்து என்று ஹெட்போனில் ஒரு குரல் ஆங்கிலத்தில் சொல்லும். முதல் சில துண்டுகளுக்கு ஒழுங்காகச் செய்தான். அப்புறம் களைத்துப்போனான். நடுவில் மூச்சு விட்டுவிட்டான். படம் கலங்கியது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி கலங்கியது. மைக்கில் அவன் குரல் கேட்டது: "அம்மா, கேன் வி கோ ஹோம்? ப்ளீஸ்?" காதில் பஞ்சு வைத்திருந்த அம்மாவுக்கு அது கேட்கவில்லை. மெஷினின் இரைச்சலில் அவன் பாதத்தைத் தடவிக்கொண்டே சிரித்தபடி நின்றிருந்தாள். அவன் அழுவது அந்தப் பெண்மணிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு காரில் போகும்போதெல்லாம் நாங்கள் பயிற்சி செய்தோம். எங்கள் வீடு இருந்த சுகர் லேண்டிலிருந்து ஹூஸ்டன் போகும் ஃப்ரீவேயில் தலைக்கு மேல் பாலத்துக்குப் பாலம் வந்துகொண்டே இருக்கும். ஒரு பாலத்துக்கு அடியில் நுழைந்தால் வெளியே வரும்வரை மூச்சு விடக் கூடாது. டிராஃபிக்கில் கார் சரியாகப் பாலத்துக்கு அடியில் நின்றுவிட்டால் அவன் முகம் சிவக்கும், கன்னம் உப்பும், அப்பாவின் சீட்டை உதைப்பான். "அப்பா, கோ! கோ!" அப்பாவோ வேண்டுமென்றே நிதானமாகக் கண்ணாடியைச் சரிசெய்வார். அவன் மூக்கு வழியாகத் திருட்டுத்தனமாக மூச்சு விடுவது எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன்.

வளர்ந்த பிறகு மூச்சு அவனுக்குப் பிரச்சினையாக இல்லை. டெக்சஸ் பள்ளிகளில் பேண்ட் வாத்தியக் குழு என்றால் சாதாரண விஷயமா? அவன் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியை எடுத்துக்கொண்டான். வீட்டுக்குள் அவன் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "போதும்டா, பக்கத்து வீட்டுக்காரங்க போலீஸைக் கூப்பிடப் போறாங்க" என்று கெஞ்சுவாள். பிறகு மிடில் ஸ்கூலில் பேண்ட் வாத்தியாராகவே ஆனான். தெரிந்தவர்கள் கேட்டால் அப்பா, "டீச்சிங்ல இருக்கான்" என்று பொதுவாகச் சொல்லிவைப்பார். எதைக் கற்றுத்தருகிறான் என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்கு உடனே வேறு வேலை வந்துவிடும். தம்பிக்கு அது வேடிக்கை. "அப்பா, மேத்ஸ்னு சொல்லிடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்பான். மூச்சு வசப்பட்டுவிட்டது, ஸ்கேன் மெஷினின் குழாய் மட்டும் வசப்படவில்லை. உள்ளே படுத்ததும் எட்டு வயது திரும்பி வந்துவிடுகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். அன்று அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

எங்கள் வீட்டில், எங்கள் வீட்டில் மட்டுமல்லாமல் அங்கே எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றிலும், ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காரியமானாலும் முதலில் 'நம்ம ஆள்' யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். பல் என்றால், நமக்காகச் சனிக்கிழமை கிளினிக்கைத் திறக்கும் டென்டிஸ்ட் ஆன்ட்டி. இன்கம் டாக்ஸ் என்றால், ஏப்ரல் கெடு நெருங்க நெருங்கப் போனை எடுக்காத ஓர் அங்கிள். வீட்டுக் கடனுக்கு ஒருவர், கிரீன் கார்டுக்கு ஒருவர். டென்டிஸ்ட் ஆன்ட்டி இந்தியா போயிருந்த ஒரு சமயம் அப்பா வீங்கிய கன்னத்தோடு அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தார். வீட்டுக்குப் பின்தெருவிலேயே வேறு டென்டிஸ்ட் இருக்கிறாரே என்று நான் சொன்னதற்கு, "தெரியாத ஆளுகிட்ட எதுக்கு வாயைத் திறக்கணும்?" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். காத்திருப்பது அந்த நாட்களில் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் படித்து முடித்து, கலிபோர்னியாவில் இதய எம்ஆர்ஐயை வேகமாக்கும் ஒரு குழுவில் சேர்ந்தேன். பிளசன்டனில் வீடு. ஏன் இந்த வேலை என்று இன்டர்வியூவில் கேட்டபோது கணிதம் பிடிக்கும் என்று சொன்னேன். உண்மைக் காரணம் ஹூஸ்டனில் டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தது. இதயம் நமக்காக அசையாமல் நிற்காது. ஆகவே அந்த மெஷின் ஒரே நொடியில் படம் பிடிப்பதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் திரட்டி, பல துடிப்புகள் கழித்து ஒரு படம் தருகிறது. மூச்சைப் பிடிக்கச் சொல்வது அதற்காகத்தான். எங்கள் குழு, தேவையான தகவலில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, விடுபட்டதைக் கணினியை விட்டு நிரப்ப முயன்றது. ஏராளமான இதயங்களின் படங்களைக் காட்டி அதைப் பழக்கியிருந்தோம். அது கைகூடினால் நோயாளி சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே படுத்திருக்கலாம். குழாய்க்குள் இருக்கும் நேரமும் வெகுவாகக் குறையும்.

இதைத் தம்பிக்கு விளக்கிய நாள் நினைவிருக்கிறது. "வெயிட். அப்போ ஹோம்வொர்க்ல பாதி மட்டும் பண்ணிட்டு, மீதியை கெஸ் பண்றீங்களா?"

"கெஸ் இல்லடா. ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்."

"என் ஸ்டூடன்ட்ஸ்கூட அப்படித்தான் சொல்றாங்க, அக்கா."

சிரித்து முடித்துவிட்டு, "பட் ஐயம் யுவர் ஃபர்ஸ்ட் கஸ்டமர். ஓகே?" என்றான். சரி என்றேன். அம்மா அதைக் கோவிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். "இனிமே இவனுக்கு அக்காவோட ஸ்கேன்தான். அந்தக் கஷ்டமெல்லாம் முடிஞ்சிது." லீவில் வந்திருந்த நான் பிரசாதத் தட்டோடு பக்கத்தில் நின்று கேட்டேன். பெருமையில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எதையும் பட்டியல் போட்டுக்கொள்வது என் சுபாவம். என் மேஜைக்கு எதிரே, எங்கள் படங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை எழுதி ஒட்டியிருந்தேன். இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது, தசையில் எங்காவது தழும்பு இருக்கிறதா, அறைகளின் அளவு சரியாகத் தெரிகிறதா. படம் அழகாக இருக்கிறதா என்ற கேள்வி அதில் கிடையாது. வேகமாக எடுத்த படங்கள் ஆரம்பத்திலிருந்தே அழகாகத்தான் இருந்தன, அதுதான் ஆபத்து. எங்களுக்காகப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த டாக்டர்களுக்கு எது வேகமான படம், எது பழைய முறையில் எடுத்தது என்று சொல்ல மாட்டோம். இடது பக்கத்தில் அவர்கள் சொன்ன அளவுகள் இரண்டு படத்திலும் ஒத்துப்போயின. வலது பக்கத்தில் ஒத்துப்போகவில்லை. வலது அறையின் சுவர் மெல்லியது. உட்புறம் வலை பின்னியதுபோலத் தசை இழைகள் இருக்கும். எங்கள் கணினி அந்த இழைகளை வழித்துத் துடைத்து, அறையை இருப்பதைவிடச் சின்னதாகக் காட்டியது. அளவு மீறிப் பெரிதாகிவிட்ட ஓர் இதயத்தைக் காட்டி, இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லக்கூடிய படம் அது.

வலது பக்கத்துக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்து எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்று என் மேலாளர் கேட்டார். பொல்லாதவர் அல்ல, காத்திருக்கும் நோயாளிகளை நினைத்துத்தான் கேட்டார். நான் மறுத்தேன். குறிப்பை அவசரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள், வலது பக்கம் சரியாகும்வரை பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று உறுதியாக நின்றேன். இவ்வளவு பிடிவாதம் யாருக்காக என்று அவர் கேட்டபோது, தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். வேலை நீண்டது. அன்று நான் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தம்பி ஸ்கூல் முடிந்து கார் ஓட்டிக்கொண்டே எனக்குப் போன் செய்வான். "அக்கா, வேர் இஸ் மை ஸ்கேன்? ஐயம் வெயிட்டிங்."

"இன்னும் டெஸ்டிங்லதான்டா இருக்கு. ரைட் சைடு சரியா வரல."

"என் சைடா? ஆஃப் கோர்ஸ்."

"இந்த வருஷம் செக்கப் போனியா?"

"போனேன், போனேன். சூப்பர்னு சொன்னாங்க."

அவன் போனது பொய் அல்ல. ஈசிஜி எடுத்திருக்கிறார்கள், எக்கோ எடுத்திருக்கிறார்கள். எம்ஆர்ஐக்குக் கொடுத்த தேதியை மட்டும் தள்ளிப் போட்டிருக்கிறான். அடுத்துக் கொடுத்ததையும் தள்ளியிருக்கிறான். இந்த விவரம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு மதிய வகுப்பில், பேண்ட் அறையில், பிள்ளைகளுக்கு எதிரே கையை உயர்த்தி நின்றிருந்தவன் அப்படியே சரிந்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சுவரில் மாட்டியிருந்த ஷாக் கொடுக்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். செய்ய வேண்டியதை அவர் சரியாகச் செய்தார். ஆம்புலன்சும் சீக்கிரமே வந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். அப்பா போன் செய்தபோது நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். "கிளம்பி வாம்மா" என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். திரும்பவும், "கிளம்பி வாம்மா" என்றார்.

வீட்டில் நான் பட்டியல் போட்டேன். ஃபியூனரல் ஹோம், புரோகிதர், அவன் அபார்ட்மென்ட் சாவி, ஏர்போர்ட்டில் சித்தப்பாவை அழைத்து வருவது, ஸ்கூலுக்குப் போன். எந்நேரமும் கையில் பேனா இருந்தது. நல்ல தைரியசாலி என்று வந்தவர்கள் என்னைப் பற்றி அம்மாவிடம் சொன்னார்கள். பள்ளியில் நடந்த நினைவுக் கூட்டத்தில் அவன் மாணவர்கள் வாசித்தார்கள். டிராம்போன் வைத்திருந்த ஒரு பிள்ளை மற்றவர்களுக்கு முன்னால் அவசரப்பட்டு ஆரம்பித்துவிட்டு, திகைத்து, யாரும் நிற்காத இடத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் விழித்தது. எல்லாம் முடிந்த மறுநாள் பட்டியலில் கடைசி வரியையும் அடித்தேன். அதற்குக் கீழே செய்வதற்கு எதுவுமே இல்லாமல் தாள் வெறுமையாக இருந்தது. அப்போதுதான் அழ ஆரம்பித்தேன்.

சில வாரங்கள் கழித்து அவனுடைய டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். வலது அறை மிகவும் பெரிதாகியிருந்தது, துடிப்பு தடம் மாறியிருக்க வேண்டும் என்றார். ஸ்கேன் எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று அப்பா கேட்டார். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் நேரத்தோடு வால்வு மாற்றுவது பற்றிப் பேசியிருப்போம் என்று சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள்தான் அந்த அக்காவா என்று கேட்டார். தேதியைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு தடவையும், தன் அக்கா வேகமான ஸ்கேன் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள், வந்ததும் அதிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வானாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் என்றார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அதைச் சொன்னார்.

பார்க்கிங்கில் காருக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு, பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான்தான் சொன்னேன். அந்தக் குழாய்க்குள்ள போய் ஏன்டா கஷ்டப்படறே, அக்காவோட ஸ்கேன் வரட்டும், நம்ம பொண்ணு பண்றான்னு." அப்பா சாவியைத் திருப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். இல்லம்மா, அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொன்னேன். யாருக்காக அந்த ஸ்கேனைக் கொடுக்க மாட்டேன் என்று பிடித்து வைத்திருந்தேனோ, அவன் அதற்காகவே காத்திருந்திருக்கிறான். அன்றைக்குப் பிறகு அம்மா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

வலது பக்கம் பிறகு சரியானது. தசை இழைகளை வழித்துவிடாமல் இருக்கக் கணினிக்கு வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தோம். டாக்டர்கள் சொன்ன அளவுகள் ஒத்துப்போயின. ஆபீசில் கேக் வெட்டினார்கள், எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், சாப்பிட்டேன். இப்போது சில மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு இந்த முறையில்தான் எடுக்கிறார்கள். ஒருமுறை நேரில் பார்க்கப் போயிருந்தேன். ஒரு சின்னக் குழந்தை தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டே படுத்திருந்தது. வெளியே வந்ததும், முடிந்துவிட்டதா, அவ்வளவுதானா என்று கேட்டது. குழந்தையோடு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நன்றி சொல்லிவிட்டு, காரில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சென்ற முறை சுகர் லேண்ட் போயிருந்தபோது ஒரு பெண்மணி தன் மகளோடு வீட்டுக்கு வந்தார். எடிசன் என்ற ஊரிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள். அம்மாவுக்குக் கோவிலில் பழக்கம். எங்கள் வீட்டில் ஒரு பையன் இருந்தான், போய்விட்டான் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. மகளுக்குப் பத்து வயது இருக்கும். தம்பிக்கு இருந்த அதே கோளாறு, அதே அறுவை சிகிச்சை.

"டாக்டர் இப்பவே எம்ஆர்ஐ எடுக்கணும்ங்கறாரு. இவ அந்த டியூப்னாலே அழறா. உங்க ஸ்கேன் எங்க ஹாஸ்பிடலுக்கு எப்ப வரும்? நம்ம ஆளு பண்ணது, கொஞ்சம் வெயிட் பண்ணியே எடுத்துக்கலாம்னு இவங்கப்பா சொல்றாரு."

பதில் என்னிடம் தயாராகத்தான் இருந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் வெவ்வேறு சமயத்தில்தான் வாங்கும், என்னால் தேதி சொல்ல முடியாது, ஆகவே. அந்த 'ஆகவே'யைத் தாண்ட முடியாமல் நின்றேன். காபித் தட்டோடு வந்த அம்மா அதை மேஜைமேல் வைத்தாள்.

"வெயிட் பண்ணாதம்மா."

"இல்ல ஆன்ட்டி, உங்க பொண்ணே பண்ணது..."

"என் பொண்ணு நல்லாத்தான் பண்ணியிருக்கா. அது வர்றப்ப வரட்டும். டாக்டர் இப்ப எடுன்னா இப்ப எடு. எந்த மெஷின் இருக்கோ அதுல எடு." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "என் பையன் அதுக்காகத்தான் வெயிட் பண்ணான்."

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் ஹேண்ட்பேகிலிருந்து போனை எடுத்து மருத்துவமனையைக் கூப்பிட்டார்.

அவர் லைனில் காத்திருக்கும்போது, அந்தச் சிறுமி என் பக்கம் நகர்ந்து வந்து, "இஸ் இட் ரியலி லாங்?" என்று கேட்டாள்.

"ஆமாம். ரொம்ப நேரம் ஆகும்" என்றேன்.

"போரிங்கா இருக்குமா?"

"இருக்கும். உள்ளே சத்தமாவும் இருக்கும். ஆனா எல்லாம் தெளிவாத் தெரியும்."

வேகமாக்குவதையே வேலையாகக் கொண்ட நான், ஒரு குழந்தையிடம் இப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. அவள் பொய்யா மெய்யா என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். அவள் அம்மா கையால் போனை மூடிக்கொண்டு, "அடுத்த வாரம் ஒண்ணு இருக்காம். இல்லன்னா ஸ்பிரிங் பிரேக்ல, இவளுக்கு லீவு. எதைச் சொல்லட்டும்?" என்று என்னிடம் கேட்டார்.

"முதல்ல வர்றதைச் சொல்லு" என்றாள் அம்மா.